முன்பணமும் மனித மானமும்



தை மாதம் பிறந்ததும் நம் பங்குக் கோவில்களில் திருமண ஓலைகள் வாசிக்கப்படுகின்றன. மணமகளுக்கு ஆரணிப் பட்டா, காஞ்சிபுரம் பட்டா என்ற பேச்சு வீடுதோறும் எழுகிறது. கரையையும் சரிகையையும் பலமுறை புரட்டிப் பார்க்கும் நாம், அதனை நெய்த கைகளுக்கு உரிய கூலி சேர்ந்ததா என்று கேட்பதில்லை. இம்மாதம் அதனைச் சிறிது சிந்திப்போம்.

தேசூர், ஆரணி வட்டாரத்து நெசவாளர் பலருக்குத் தறி சொந்தமாக இருக்கலாம். அதில் ஓடும் பட்டும் சரிகையும் அவருடையவை அல்ல. கர்நாடகத்துப் பட்டு நூலையும் சூரத்துச் சரிகையையும் முதலாளி வாங்கிக் கொடுக்கிறார். நெசவாளர் நெய்து கொடுத்துக் கூலி பெறுகிறார். முதலாளியிடமிருந்து சேலை மொத்த வியாபாரிக்கும், பின் நகரத்துக் கடைக்கும் செல்கிறது. இத்தனை கைகள் மாறி வருவதால், முதற் கையின் துன்பம் கடைசிக் கையில் வாங்குபவருக்குத் தெரிவதில்லை.

வீட்டில் ஒரு நோய், ஒரு திருமணம், ஒரு சாவு என்றால் நெசவாளர் முதலாளியிடம் முன்பணம் வாங்குகிறார். முன்பணம் தன்னளவில் தீமையன்று. வங்கி கைவிட்ட வேளையில் பல குடும்பங்களைக் காத்ததும் அதுவே. ஆனால் பெற்ற கடன் தீரும்வரை வேறிடத்தில் வேலை செய்யக்கூடாது என்றும், கூலியை உயர்த்திக் கேட்கக்கூடாது என்றும், தந்தை நோயுற்றால் மகன் தறியில் அமரவேண்டும் என்றும் நிலை வருமானால், அந்த முன்பணம் விலங்காகிவிடுகிறது. கோர்வைக் கரை நெய்வதற்குத் துணையாள் வேண்டும். அந்த இடத்தில் முன்னாளில் சிறுவரே பெரும்பாலும் அமர்ந்தனர். பெற்றோர் வாங்கிய கடனுக்காகப் பட்டுத் தொழிலில் கட்டுண்ட சிறுவரைப் பற்றி, காஞ்சிபுரம், கர்நாடகம், வாரணாசி ஆகிய இடங்களை ஆராய்ந்து ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் நிறுவனம் 2003-இல் அறிக்கை வெளியிட்டது. முதலாளிகள் அனைவரும் கொடியவர் அல்லர். எனினும் நல்லவரின் நற்குணத்தை மட்டும் நம்பி ஏழையின் உரிமையை விட்டுவிட முடியாது.

இது பழங்கதை என்று தள்ளுதலும் தகாது. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை வருவாய்த் துறையினர் மீட்டனர். மீட்க வந்த அதிகாரியின் காலில் முதியவர் ஒருவர் விழுந்து வணங்கிய படத்தை நாளேடுகளில் பலர் கண்டிருப்பீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடுக்கிறது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அத்தகைய கடன்களை அடியோடு அழித்துவிட்டது. அதனைத் திருப்பிப் பெறுவதே குற்றமாகும். கடன் கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் கொடுத்தவரையே சாரும். குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மீட்கப்பட்டோருக்கு 1 லட்சம் முதல் 3 லட்சம் ரூபாய் வரை மறுவாழ்வு உதவி அளிக்க 2016-ஆம் ஆண்டின் மத்திய அரசுத் திட்டம் வகை செய்தது.

திருச்சபையின் போதனையும் தெளிவானது. தொழிலாளியின் நியாயமான கூலியைப் பற்றித் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இலேயே சுற்றுமடல் எழுதினார். பிடித்து வைக்கப்பட்ட கூலி இறைவனின் செவிகளை எட்டுகிறது என்று புனித யாக்கோபு எச்சரிக்கிறார். சூடான் நாட்டில் சிறுமியாக விற்கப்பட்டு, பின்னர் துறவியான புனித ஜோசபின் பக்கீத்தாவின் திருநாளாகிய பிப்ரவரி 8-ஐ, மனித வணிகத்துக்கு எதிரான செப நாளாகத் திருச்சபை 2015 முதல் அனுசரித்து வருகிறது.

செபத்தோடு நில்லாமல் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. பட்டு வாங்கும்போது கூட்டுறவுச் சங்க விற்பனை நிலையத்தை நாடலாம். தனிக் கடையாயின், எந்த ஊர்த் தறி, நெசவாளருக்குக் கூலி எவ்வளவு என்று வினவலாம். பலர் கேட்கத் தொடங்கினால் கடைக்காரர் முதலாளியைக் கேட்பார். பங்குப் பேரவையினர் கோவில் கட்டடத்துக்குச் செங்கல் வாங்கும்போதும், திருவிழாச் சமையலையும் துப்புரவையும் ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைக்கும்போதும் மூன்று கேள்விகளைக் கேட்டு எழுத்தில் பெறட்டும்: கூலி தொழிலாளியின் கையிலேயே சேருகிறதா? முன்பணம் பெற்றவர் விரும்பினால் வேலையை விட்டுச் செல்ல முடியுமா? சிறுவர் எவரேனும் வேலையில் உளரா? விலை மிகக் குறைவு என்பதற்காக மகிழ்ந்து கையொப்பமிடுமுன், அக்குறைவை ஈடுசெய்தவர் யார் என்று எண்ணிப் பார்ப்பது நலம்.

அதைவிட முக்கியமானது, முன்பணத்தின் தேவையையே குறைப்பதாகும். அன்பியங்களும் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் வின்சென்ட் தே பவுல் சபையும் சிறிய அவசர நிதியொன்றை வைத்திருந்தால், மருத்துவச் செலவுக்காக ஒரு குடும்பம் தன் பிள்ளையின் எதிர்காலத்தை அடகு வைக்க நேராது. எங்கேனும் கொத்தடிமை நிலை உண்டென்று அறிந்தால் மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ தெரிவிப்போம்; சிறுவராயின் 1098 என்ற எண்ணை அழைப்போம்.

மணமக்களை ஆசீர்வதிக்கும் பீடத்தின் முன் நாம் அணியும் ஆடை, எவருடைய கண்ணீரையும் தாங்காததாய் இருக்கட்டும்.