மடத்தில் வளர்ந்தவர்

"மடத்துல வளர்ந்தவங்க" என்றுதான் என் பூட்டியைப் பற்றி வீட்டில் சொல்வார்கள். கன்னியர் விடுதியில் தங்கிப் படித்தவர் என்றே நானும் நினைத்திருந்தேன். படிப்புக்காக ஜோகூரிலிருந்து சிங்கப்பூர் வந்தபோது, "எங்கம்மா இருந்த மடத்தைப் பார்த்துட்டு வா" என்றார் தாத்தா.

விக்டோரியா ஸ்திரீட்டில் இருந்த அந்த மடம் 1983-இல் மூடப்பட்டது. இன்று அங்கே உணவகங்கள். 1904-இல் கட்டி முடித்த சிற்றாலயத்தில் திருமண வைபவங்கள். ஆனால் சாலையோரச் சுவரில் 'நம்பிக்கை வாசல்' என்ற சிறு வாசல் மட்டும் அப்படியே இருக்கிறது. வளர்க்க முடியாத, அல்லது வேண்டாத குழந்தைகளை விட்டுச் சென்ற இடம் அது. பிரான்சைச் சேர்ந்த குழந்தை இயேசு சபைக் கன்னியர் 1854-இல் இங்கு வந்து பள்ளியும் அனாதை இல்லமும் தொடங்கினார்கள். புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்ற சீனர் நம்பிக்கையால் அங்கு வந்து சேர்ந்த குழந்தைகளும் உண்டு.

பூட்டி பிறந்தது 1926. அது புலி ஆண்டு. வாசலில் நின்றபோது இது எனக்குத் தோன்றவில்லை. ஞானஸ்நானப் பதிவேட்டின் நகல் கைக்கு வந்த பிறகுதான் தோன்றியது. லத்தீனில் நான்கே வரிகள். ஒரு புனிதையின் பெயர், ஞானத்தாயாக ஒரு கன்னியர், பெற்றோர் அறியப்படாதவர். ஓரத்தில், 'சீனர்' என்று பொருள்படும் ஒரு சொல்.

அவருக்குத் திருமணம் நடந்தது ஓஃபிர் சாலை லூர்து மாதா கோயிலில். சிராங்கூன் சாலைக்குப் பூவும் மளிகையும் வாங்கப் போகும் நம்மில் எத்தனை பேர் இன்னும் கொஞ்சம் நடந்து அங்கே போயிருக்கிறோம்? தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகவே 1888-இல் கட்டப்பட்ட கோயில் அது. கட்டியவர் பாரிஸ் மிஷன் சபையின் மெனூவ்ரியே சாமியார். அதே சபை 1776 முதல் புதுச்சேரியிலும் பணியாற்றியது. நம் வரலாறு என்றால் தோட்டமும் துறைமுகமும் மாரியம்மன் கோயிலும்தான் என்று எழுதிப் பழகிவிட்டோம். பிரெஞ்சுச் சாமியார்களின் ஏடுகளிலும் நாம் இருக்கிறோம்.

கன்னியரை நான் தெய்வமாக்கவில்லை. வளர்த்தார்கள், தையல் கற்றுத் தந்தார்கள். பெண் கேட்டு வந்த கத்தோலிக்க மாப்பிள்ளைக்குக் கட்டியும் கொடுத்தார்கள். பூட்டியின் விருப்பத்தைக் கேட்டார்களா என்பது ஏட்டில் இல்லை. நம்மவர்கள் மட்டும் என்ன? சாதி தெரியாத பெண் என்று கொள்ளுத்தாத்தாவின் சொந்தக்காரர் ஒருவர்கூடக் கல்யாணத்துக்கு வரவில்லையாம். இதை ஏட்டிலிருந்து அல்ல, அத்தை வாயிலிருந்து தெரிந்துகொண்டேன்.

அதே அத்தைதான், "இதையெல்லாம் எழுதாதேம்மா, தங்கச்சிக்கு வரன் பார்க்கணும்" என்றார். அத்தையின் பயம் புரிகிறது. ஆனால் ஏற்க முடியவில்லை. மலாயாவில் சீனப் பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்த தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சமா? ஊருக்கே தெரிந்ததை வீட்டுக்குள் மட்டும் மறைத்து யாருக்கு என்ன லாபம்? 'தமிழர் யார்' என்று ஆண்டுதோறும் பட்டிமன்றம் வைக்கிறோம். இருபது வயதுக்கு மேல் மாமியாரிடம் தமிழ் கற்று, ஏழு பிள்ளைகளுக்கும் தமிழிலேயே செபமாலை சொல்லிக் கொடுத்தவர் என் பூட்டி. ஆங்கிலப் பள்ளி கிடைத்தும் தாத்தாவைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்தவரும் அவர்தான். அப்பாவும் நானும் தமிழ்ப்பள்ளிக்குப் போனது அந்த வழியில்தான். தமிழச்சி என்று சொல்லிக்கொள்ள என்னைவிட அவருக்கே உரிமை அதிகம்.

போன விடுமுறையில் நகலைத் தாத்தாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பெற்றோர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்து, "இதுதான் பேரா?" என்றார்.

"இல்ல தாத்தா. தெரியாதுன்னு போட்டிருக்கு."

மடித்துச் செபப்புத்தகத்துக்குள் வைத்தார். சற்றுப் பொறுத்து, "அத்தைகிட்ட நான் பேசிக்கிறேன். நீ எழுது" என்றார்.