கடல் கடக்கும் காசு

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நம் காரைக்காலில் இந்தோசீனா வங்கியின் ரூபாய் நோட்டுகள் புழங்கின. பணத்துக்கும் எல்லை உண்டு என்பது நம் முன்னோர் அறிந்த பாடம். விழிதியூருக்கு அண்மையிலுள்ள நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14-இல் கப்பல் புறப்பட்டது. 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. உறவினரைக் காணவும், மடுத் திருத்தலத்துக்குச் செல்லவும் விழையும் குடும்பங்களுக்கு அப்பாடம் மீண்டும் தேவைப்படுகிறது.

இரு நாட்டுப் பணத்துக்கும் ரூபாய் என்றே பெயர், மதிப்போ வேறு. நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கும். ஆகவே விலையைக் கேட்டு மலைக்கவும் வேண்டாம். கை நிறைய நோட்டைக் கண்டு மயங்கவும் வேண்டாம்.

ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்றோரிடமே செலாவணி வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்துவோம். 50,000 ரூபாய்க்கு மேற்பட்டால் ரொக்கமாகச் செலுத்தி வாங்க இயலாது. இந்திய நோட்டுகளை 25,000 ரூபாய் வரையே உடன் கொண்டு செல்லலாம். மீந்த செலாவணியில் 2,000 டாலர் மதிப்புக்கு மேற்பட்டதை, திரும்பிய 180 நாட்களுக்குள் ஒப்படைத்தல் வேண்டும்.

“கூடுதலாகத் தருகிறேன்” என்று துறைமுக வாயிலில் அழைப்பவரிடம் ரசீதும் இராது. ஏமாந்தால் முறையிட இடமும் இராது. இல்லத்தலைவி ஆண்டு முழுதும் சிறுகச் சேர்த்ததை ஒரு நொடி ஆசைக்குப் பணயம் வைத்தல் தகுமோ?