தெரிந்தே!

அமெரிக்க நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. 1986 நவம்பர் 6-ஆம் தேதி ஜனாதிபதி ரீகன் கையெழுத்திட்ட சட்டம். வேலை செய்ய அனுமதி பெறாத அந்நியரை எந்த முதலாளியும் வேலைக்கு வைக்கக் கூடாது, வைத்தால் அபராதம், அதையே வழக்கமாகக் கொண்டால் ஆறு மாதம் வரை சிறை. இதுதான் அதன் சாரம்.

நல்ல சட்டந்தானே? அனுமதியின்றி வந்தவனை மட்டும் பிடிக்காமல், அவனை வைத்து வேலை வாங்குகிறவனையும் அல்லவா பிடிக்கச் சொல்கிறது! அப்படித்தான் எவருக்கும் தோன்றும். ஆனால் சட்டத்தின் நடுவே ஒரு சிறு சொல் உட்கார்ந்திருக்கிறது. 'தெரிந்தே' என்பது அந்தச் சொல். அனுமதி இல்லாதவர் என்று தெரிந்தே வேலைக்கு வைத்தால்தான் முதலாளி குற்றவாளி!

அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பதை எப்படி முடிவு கட்டுவது? தொழிலாளி காட்டும் தஸ்தாவேஜை முதலாளி பார்க்க வேண்டும். பார்வைக்கு அசலாகத் தோன்றினால் போதும். ஒரு படிவத்தை நிரப்பி, கையெழுத்திட்டு, கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது போலி என்று வெளிப்பட்டாலும், "நான் என்ன கண்டேன்? காகிதம் சரியாக இருந்ததே!" என்று அவர் சொல்லலாம். வழக்கு மன்றத்தில் அதுவே அவருக்குக் கேடயம்.

இந்தச் சலுகை 1986-இல் திடீரென்று முளைத்ததல்ல. 1952-ஆம் ஆண்டுச் சட்டம், அனுமதியின்றி நுழைந்தவருக்குப் புகலிடம் தருவது குற்றம் என்று சொல்லிவிட்டு, வேலை தருவது மட்டும் புகலிடம் தருவதாகாது என்றும் சொல்லிற்று! டெக்சாஸ் மாநிலப் பண்ணை முதலாளிகளின் நலனுக்காக நுழைக்கப்பட்ட விதி அது. 'டெக்சாஸ் விதிவிலக்கு' என்றே அதற்குப் பெயர் வந்தது. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1954-இல், மெக்சிகோ தொழிலாளரைப் பிடித்து வெளியேற்றும் பெரும் வேட்டை நடந்தது. பத்து லட்சம் பேருக்கு மேல் வெளியேற்றியதாக அரசே கணக்குக் காட்டிப் பெருமைப்பட்டது. பருத்தி பறித்தவன் போனான். பறிக்கச் சொன்னவன் பண்ணையிலேயே இருந்தான். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம் கிராமத்துப் பாட்டி கேட்பாள். வாஷிங்டனில் அப்படிக் கேட்க ஆளில்லை.

பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2008 மே 12-ஆம் தேதி அயோவா மாநிலத்தின் போஸ்ட்வில் என்ற சிற்றூருக்கு வாருங்கள். யூத சமய முறைப்படி இறைச்சி தயாரிக்கும் பெரிய ஆலை ஒன்று அங்கே இருந்தது. குடியேற்ற அதிகாரிகள் அதை வளைத்து 389 தொழிலாளரைக் கைது செய்தார்கள். பெரும்பாலோர் குவாத்தமாலா நாட்டு ஏழைகள். அவர்களை அடைக்கவும் விசாரிக்கவும் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் எது தெரியுமா? வாட்டர்லூ நகரின் கால்நடைக் கண்காட்சித் திடல்! சில நாட்களுக்குள் சுமார் 300 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். காரணம், அவர்கள் முன் வைக்கப்பட்ட பேரம்: போலி எண்ணைக் காட்டி வேலை பெற்றதாக ஒப்புக்கொண்டால் ஐந்து மாதம் சிறை, பிறகு நாடு கடத்தல்; மறுத்து வழக்காடினால் அடையாளத் திருட்டு என்ற பெருங்குற்றம், குறைந்தது இரண்டு ஆண்டு. ஊரில் பிள்ளைகளை விட்டு வந்தவன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

அந்த எண் இன்னொரு மனிதருக்குச் சொந்தமானது என்று அந்தத் தொழிலாளிக்குத் தெரியுமா என்று அன்று எவரும் கவலைப்படவில்லை. மறு ஆண்டு மே மாதம், வேறொரு தொழிலாளியின் வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்: எண் வேறொருவருடையது என்று தெரிந்தே பயன்படுத்தியதை அரசு நிரூபித்தால்தான் அது அடையாளத் திருட்டு!

பார்த்தீர்களா, அதே 'தெரிந்தே'! முதலாளிக்கு 1986-லேயே கிடைத்த பாதுகாப்பு, தொழிலாளிக்கு 2009-இல்தான் கிடைத்தது. அதற்குள் போஸ்ட்வில் தொழிலாளரில் பெரும்பாலோர் சிறையை முடித்து நாடு கடத்தப்பட்டுவிட்டனர்.

ஆலையை நடத்தியவர் என்ன ஆனார்? மேஸ்திரிகள் சிலர் சிறை சென்றார்கள். ஆலையின் நிர்வாகி மீதும் குடியேற்றம் தொடர்பாக 72 குற்றச்சாட்டுகள் இருந்தன. ஆனால் வங்கி மோசடி வழக்கில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானதும், அந்த 72-ஐயும் அரசுத் தரப்பே கைவிட்டது. வங்கியை ஏமாற்றியதற்கு 27 ஆண்டுத் தண்டனை விழுந்தது. அதையும் 2017 டிசம்பரில் ஜனாதிபதி டிரம்ப் குறைத்து அவரை விடுவித்தார். ஆள் வைத்த குற்றத்துக்கோ விசாரணையே நடக்கவில்லை.

2019 ஆகஸ்டு 7-ஆம் தேதி மிசிசிப்பி மாநிலத்தில் கோழி இறைச்சி ஆலைகளில் ஒரே நாளில் சுமார் 680 பேர் கைதானார்கள். நிர்வாகத் தரப்பில் நால்வர் மீது குற்றப்பத்திரிகை வர ஓராண்டு ஆயிற்று. சிரக்யூஸ் பல்கலைக்கழக ஆய்வு மையம் ஒன்று திரட்டிய கணக்கைக் கேளுங்கள்: 2018 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை, அனுமதியற்றவரை வேலைக்கு வைத்ததாக அமெரிக்கா முழுவதிலும் வழக்குக்கு உள்ளானவர்கள் 11 பேர். கம்பெனி ஒன்றுகூட இல்லை!

"சட்டத்தை மீறி வந்தவனுக்காக நாம் ஏன் கண்ணீர் விட வேண்டும்? உள்ளூர்த் தொழிலாளியின் கூலியை அவன்தானே கெடுக்கிறான்?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. நியாயமான கேள்வி. எல்லையைக் காக்கும் உரிமை எந்த அரசுக்கும் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கூலியைக் கெடுப்பது அவனா, அவனுடைய அச்சமா?

கலிபோர்னியாவில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனி, 1989-இல், சங்கம் அமைக்க முயன்ற தொழிலாளரை வெளியேற்றியது. அது சட்டவிரோதம் என்று தொழிலாளர் உறவு வாரியம் கண்டது. வெளியேற்றப்பட்டவர்களில் ஒருவர் அனுமதி இல்லாதவர். அவருக்குச் சேர வேண்டிய சம்பளப் பாக்கி சுமார் 67,000 டாலர். 2002-இல் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அதைத் தர வேண்டியதில்லை என்று தீர்த்தது! அப்படியானால் கணக்குப் பார்க்கும் முதலாளி யாரை விரும்புவார்? நீக்கினால் நஷ்டஈடு கேட்கும் உள்ளூர்க்காரனையா, நீக்கினால் செலவே இல்லாத வெளியூர்க்காரனையா? உள்ளூர்த் தொழிலாளியின் கூலி விழுவது இந்த இடத்தில்தான்.

அமெரிக்கத் தொழிற்சங்கங்களும் இதைப் பட்டறிவால் உணர்ந்தன. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதரித்த ஏ.எஃப்.எல்.–சி.ஐ.ஓ. சம்மேளனம், 2000 பிப்ரவரியில் தன் நிலையை மாற்றிக்கொண்டது. முதலாளியைத் தண்டிப்பதாகச் சொல்லும் அந்த விதி, நடைமுறையில் சங்கம் சேரும் தொழிலாளியை மிரட்டவே பயன்படுகிறது. அதை நீக்குங்கள் என்றது.

அரசுக்கு இது தெரியாதா? 2025 ஜூனில், பண்ணைகளிலும் ஓட்டல்களிலும் சோதனையை நிறுத்தி வைக்கும்படி அதிகாரிகளுக்கு உத்தரவு போயிற்று. நல்ல வேலையாட்களை இழக்கிறோம் என்று பண்ணைக்காரரும் ஓட்டல்காரரும் முறையிடுவதாக ஜனாதிபதி டிரம்ப்பே சொன்னார். சில நாட்களில் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது என்பது வேறு விஷயம். யார் எங்கே வேலை செய்கிறார்கள் என்பது முதலாளிக்கும் தெரியும், அரசுக்கும் தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சட்டம் உண்மையாகவே கூலியைக் காக்க வேண்டுமானால் வழி இருக்கிறது. யார் கையில் எந்தக் காகிதம் என்று பாராமல், குறைந்தபட்சக் கூலியையும் சங்க உரிமையையும் எல்லோருக்கும் அமல் செய்ய வேண்டும். கூலிப் பாக்கி என்று புகார் கொடுக்க வந்தவனை நாடு கடத்தக் கூடாது. மலிவு ஆள் மலிவாக இல்லாமற் போனால், அவனைத் தேடிப் போகும் முதலாளியும் இருக்க மாட்டான்.

ஆலையில் சோதனை, இத்தனை நூறு பேர் கைது என்று இனி செய்தி வந்தால், தோழர்களே, எண்ணிக்கையோடு நின்றுவிடாதீர்கள். அடுத்த வரியைத் தேடுங்கள். அந்த ஆலையின் சொந்தக்காரர் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அது விடுபட்டதும் தெரிந்தேதான்!