கண்ணி சிறிது, கேள்வி பெரிது!



பென்னலூரிலே, லேத்தின் முன் நின்று உழைக்கும் தொழிலாளத் தோழர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். சுழலும் இரும்பைப் பிடித்து நிறுத்தும் சக் சரிப்படவில்லை. அடுத்த இயந்திரத்தில் இருந்ததைக் கழற்றி மாட்டுகிறார். வேலை ஒழுங்காக நடக்கிறது. “இது என் கண்டுபிடிப்பு, இருபது ஆண்டுக்காலம் வேறெவரும் இதைச் செய்யலாகாது!” என்று அவர் முழங்குகிறாரா? இல்லை! கைத்திறன் வேறு, கண்டுபிடிப்பு வேறு என்பது அவருக்குத் தெரியும்.

அவர் அறிந்த அந்த வேற்றுமைதான், கோடிகள் புரளும் மருந்து வாணிபத்திலே இன்று பெரும் வழக்காக நிற்கிறது.

புற்றுநோய்க்கு ஒருவகை மருந்து தருகிறார்கள். உயிரணுவைக் கொல்லும் நஞ்சு ஒருபுறம்; புற்றணுவை அடையாளங்கண்டு பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதம் மறுபுறம்; இரண்டையும் பிணைக்கும் வேதியியல் கண்ணி நடுவிலே. லிங்க்கர் என்பர் அதனை. குருதியில் ஓடும்போது அது அறுந்துவிடக் கூடாது. அறுந்தால் நஞ்சு நல்ல உறுப்பைத் தாக்கும். புற்றணுவுக்குள் புகுந்த பின்னரோ, நஞ்சு விடுபட வேண்டும். கண்ணி சிறிது; அதன் பணி சிறிதன்று!

அந்தக் கண்ணியில் ஒரு துண்டை மாற்றிவிட்டு, ஒரு நிறுவனம் காப்புரிமை கேட்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடுப்பதா, மறுப்பதா?

நமது காப்புரிமைச் சட்டம் அளவுகோல் ஒன்றைத் தருகிறது. அத்துறையில் தேர்ந்த ஒருவருக்கு எளிதில் புலப்படக்கூடியதாக இருந்தால், அது கண்டுபிடிப்பாகாது. இந்த அளவுகோலை நாட்டுக்கு விளக்கிய தீர்ப்பு, ஆய்வுக்கூடத்தில் எழுந்த வழக்கிலே பிறந்ததன்று. பாத்திரப் பட்டறையில் எழுந்த வழக்கிலே பிறந்தது! பாத்திரத்தை லேத்தில் பிடித்து நிறுத்தும் ஓர் ஏற்பாட்டுக்குப் பெற்ற காப்புரிமையைப் பற்றிய பிஸ்வநாத் பிரசாத் வழக்கில், 1978 டிசம்பரில் உச்சநீதிமன்றம் சொன்னது: பட்டறையிலே செய்துகொள்ளும் வெறும் சீர்திருத்தம் போதாது. அந்தக் காப்புரிமை நிலைக்கவில்லை.

கண்ணிக்கும் இதே அளவுகோல்தான். விண்ணப்பித்த நாளுக்கு முன் உலகம் அறிந்திருந்தது என்ன? அந்த அறிவு, இந்த மாற்றத்தைச் செய்துபார் என்று வழி காட்டிற்றா? செய்தால் பலிக்கும் என்று எதிர்பார்க்க இடம் இருந்ததா? மூன்றுக்கும் விடை தெளிவாக இருந்தால், அது சக்கைக் கழற்றி மாட்டிய கதை. ஆனால், ‘இது குருதியில் நில்லாது’ என்று வல்லுநர் கருதியிருந்த கண்ணி நின்று காட்டியதென்றால், அது கண்டுபிடிப்பு. விலை அதிகம் என்ற கோபத்திலே அதற்குரிய உரிமையை மறுப்பது நீதியாகாது. விடை தெரிந்த பிறகு விடுகதை எல்லோருக்கும் எளிதுதான்! முந்தைய நாளின் இருட்டிலே நின்றல்லவா தீர்ப்புச் சொல்ல வேண்டும்?

அண்மையிலே நடந்ததைப் பாருங்கள். தசைநலிவு நோய்க்கான ரிஸ்டிப்ளாம் என்னும் மருந்துக்காக ரோச் நிறுவனம், நாட்கோ நிறுவனத்தைத் தடுக்கத் தில்லி உயர்நீதிமன்றம் சென்றது. நிறுவனத்தின் பழைய காப்புரிமையில் அடங்கிய சேர்மத்துக்கும் இந்த மருந்துக்கும் இடையே வாதிக்கப்பட்ட வேற்றுமை, ஒரு கரிமத்தின் இடத்திலே ஒரு நைட்ரஜன்! 2025இல் தனி நீதிபதியும், பின்னர் இருவர் அமர்வும் இடைக்காலத் தடை தர மறுத்தனர், உச்சநீதிமன்றமும் தலையிடவில்லை. அது இறுதித் தீர்ப்பன்று. எனினும், ஓர் அணுவை மாற்றியதும் உரிமை தானே வந்துவிடாது என்பதை அது உணர்த்திற்று.

இதைவிடப் பெரிய போர், நம் சென்னையிலேயே தொடங்கியது. இரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு 1998இல் நோவார்டிஸ் நிறுவனம் இங்கே விண்ணப்பித்தது. இந்திய மருந்து நிறுவனங்களோடு புற்றுநோயாளர் உதவிச் சங்கமும் எதிர்த்து நின்றது. 2006 சனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. 2009இல் மேல்முறையீட்டு வாரியம், ‘எளிதில் புலப்படாத ஒன்றுதான்’ என்று ஒப்பியது. ஒப்பியும் உரிமை தரவில்லை! ஏன்? அறிந்த பொருளின் புதிய வடிவம், அறிந்த குணத்தை உயர்த்தாவிடில் கண்டுபிடிப்பாகாது என்று 2005இல் திருத்தப்பட்ட 3(டி) பிரிவு தடுத்தது. 2013 ஏப்ரல் முதல் நாள், உச்சநீதிமன்றமும் உரிமையை மறுத்தது. நிறுவனத்தின் மருந்துக்கு மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய். இந்திய மருந்துக்கு ஏறத்தாழ 10,000 ரூபாய். இந்த இடைவெளியிலே எத்தனை குடும்பங்களின் வாழ்வு அடங்கியிருந்தது!

அன்று நோயாளிகளின் சங்கம் எழுந்து பேச முடிந்தது எப்படி? காப்புரிமை தருமுன்னர் எவரும் எதிர்க்கலாம் என்று 25ஆம் பிரிவு கதவைத் திறந்து வைத்திருந்தது. 2024 மார்ச்சில் வந்த விதிகளோ, அந்த எதிர்ப்புக்குக் கட்டணம் விதித்தன. எதிர்ப்பு ஏற்கத்தக்கதா என்பதை முதலிலே அதிகாரி முடிவு செய்ய வேண்டும் என்றும் கூறின. வீண் எதிர்ப்புகளைத் தடுக்கவே என்று காரணம் சொல்வர். வீண் எதிர்ப்பு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால், களை பறிக்கிறேன் என்று பயிரையும் பறிக்கலாமா? கோடிகள் வைத்திருப்பவனுக்குக் கட்டணம் தூசு; நோயாளிக்கு அதுவே சுவர்!

எனவே தோழர்களே, காப்புரிமை அனைத்தும் கொள்ளை என்று கூவுவது நம் வேலையன்று. உரியவனுக்கு உரிமை கிடைக்கட்டும். உரிமை கேட்பவனைக் கேள்வி கேட்கும் உரிமை மட்டும் ஏழைக்கும் இருக்கட்டும். அந்தக் கட்டணம் நீங்கவேண்டும் என்று கேட்போம். காப்புரிமை அலுவலகம் இருக்கும் கிண்டி, பென்னலூருக்கு எட்டாத தொலைவில் இல்லை. எது கைத்திறன், எது கண்டுபிடிப்பு என்று தன் தொழிலிலே பிரித்தறியும் தோழர், அந்த வாசலிலே வாய்மூடி நிற்க வேண்டியதும் இல்லை!