பழகிய பிறகு பிரிக்கலாம்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. அதிலிருந்து கடற்கரை நடையில் சந்திக்கும் ஓய்வூதிய நண்பர்கள் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "லினக்ஸ் போட்டால் விண்டோஸ் போய்விடுமா சார்?"

போகவேண்டியதில்லை. இரண்டையும் வைத்துக்கொள்ள இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி 'டூயல் பூட்'. ஹார்ட் டிஸ்கைப் பிரித்து ஒரு பாகத்தில் விண்டோஸ், மறு பாகத்தில் லினக்ஸ். கணினியைப் போட்டதும் எது வேண்டும் என்று கேட்கும். மற்றதற்கு மாற, கணினியை அணைத்துப் போட வேண்டும். புதுச்சேரியில் நான் படித்த பிரஞ்சுப் பள்ளி இப்படித்தான். தமிழை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். மாலை மணி அடித்தால்தான் தமிழ் திரும்பும்.

இரண்டாவது வழி 'வர்ச்சுவல் மெஷின்'. வர்ச்சுவல் பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை விண்டோஸில் நிறுவினால், அதற்குள் ஒரு ஜன்னலில் லினக்ஸ் ஓடும். அந்த லினக்ஸுக்கு டிஸ்க் என்பது உண்மையில் ஒரு பெரிய கோப்புதான். பிடிக்கவில்லையா, கோப்பை அழித்தால் தீர்ந்தது. பின்னாளில் அலுவலகத்தில் ஆங்கிலத்தில் நோட் எழுதி, தமிழில் பேசி, கூட்டலை மட்டும் மனதுக்குள் பிரஞ்சில் போட்டேனே, அது இந்த ரகம்.

நம் வயதுக்காரர்கள் இரண்டாவது வழியில்தான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. காரணம் பட்ட அனுபவம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் முதல் வழியில் இறங்கினேன். நிறுவும்போது, முழு டிஸ்கையும் அழித்து நிறுவும்படி சொல்லும் வரியைச் சரியாகப் படிக்காமல் அழுத்திவிட்டேன். பிரான்சிலிருந்து என் அண்ணன் எழுதிய கடிதங்களின் ஸ்கேன் எல்லாம் அதில்தான் இருந்தன. அசல் தாள்களில் பாதியை ஏற்கெனவே கரையான் தின்றிருந்தது. ஆயுள் முழுக்க அரசாங்கக் கோப்புகளுக்கு நகல் எடுத்த குமாஸ்தா, சொந்த அண்ணன் கடிதங்களுக்கு ஒரு நகல் எடுக்கவில்லை. யாரைக் குறை சொல்வது?

டூயல் பூட்டுக்கும் நியாயம் உண்டு. அதில் ஓடும் சிஸ்டத்துக்கு முழு ராமும் கிடைக்கும். வர்ச்சுவலில் இரண்டும் பங்கு போட வேண்டும். 4 ஜிபி மட்டும் இருந்தால் இரண்டுக்கும் மூச்சு வாங்கும், 8 ஜிபியாவது வேண்டும். இன்னொன்று: உள்ளே லினக்ஸ் ஓடுவதால் வெளியே இருக்கும் பழைய விண்டோஸுக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. ஆகவே அது நிரந்தரக் குடித்தனம் அல்ல, பழகும் இடம்.

இரண்டு மாதம் அதில் தமிழ் தட்டச்சு, பிரிண்டர், பென்ஷன் தளம் எல்லாம் சரியாக வருகிறதா என்று பாருங்கள். கை பழகியபின், முக்கியமானவற்றை வெளி டிஸ்கில் நகல் எடுத்துவிட்டு, பிறகு டிஸ்கைத் தொடுங்கள்.

கரையான் விட்டுவைத்த கடிதங்களை மறுபடி ஸ்கேன் செய்துவருகிறேன். இம்முறை இரண்டு இடத்தில் வைக்கிறேன்.