கரண்ட் வேலை: கூடப் போறதா, படிக்கப் போறதா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கிராமங்களில் பல வீடுகளில் ஒரே பஞ்சாயத்துதான்.

"நம்ம வயர்மேன் அண்ணன்கூட அனுப்பிவிட்டா நாளையில இருந்தே கையில காசு பாப்பான்" என்பார் அப்பா.

"ரெண்டு வருசம் ஐடிஐ படிக்கட்டுமே" என்பார் அம்மா.

மழையை நம்பி வெள்ளாமை செய்யும் வீட்டுக்கு இரண்டு வருடக் கூலி சின்ன விஷயமில்லை. அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், கணக்கை முழுசாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கையாளாகப் போனால் சுவர் வெட்டுவது, பைப் பதிப்பது, வயர் இழுப்பது எல்லாம் சீக்கிரம் கைக்கு வரும். சான்றிதழ்தான் வராது. தமிழ்நாட்டில் அதற்கு 'மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு' எழுத வேண்டும். வயரிங் வேலையில் 5 வருட அனுபவமும் 21 வயதும் நிறைந்திருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். 16 வயதில் போகிறவன் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே இந்த வழியில் போய்விட்டவர்கள் இந்தத் தேர்வை விட்டுவிடக் கூடாது.

ஐடிஐயில் எலெக்ட்ரீசியன் பிரிவு 2 வருடம். பத்தாவதில் கணக்கும் அறிவியலும் படித்துத் தேறியிருக்க வேண்டும். எட்டாவதோடு நின்றவர்களுக்கு வயர்மேன் பிரிவு இருக்கிறது. அதுவும் 2 வருடம்தான். அருப்புக்கோட்டையிலேயே அரசு ஐடிஐ உண்டு. அரசு ஐடிஐயில் படிப்புக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, புத்தகம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். அப்பா கணக்கில் விழுந்த பள்ளத்தில் பாதியாவது இதில் நிரம்பும்.

படிப்பு கூடுதலாக என்ன தரும்? எர்த் குழியையே எடுத்துக்கொள்ளலாம். கோடையில் கரிசல் மண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துவிடும். காய்ந்த மண் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அப்போது மோட்டாரில் கசிவு ஏற்பட்டால் ஃபியூஸ் போகாது. இரும்பு உடம்பிலேயே கரண்ட் நிற்கும். ஈரக்கையோடு தொடுகிறவர் கதி என்ன? குழியில் உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது கூடப்போய்ப் பழகியவருக்கும் தெரியும். அது போதுமா என்று எர்த் டெஸ்டர் வைத்து அளந்து பார்க்கப் பயிற்சி கற்றுக்கொடுக்கிறது. ஒரு வீட்டின் உயிர் அந்த அளவில்தான் இருக்கிறது.

வேலையும் பக்கத்திலேயே இருக்கிறது. அருப்புக்கோட்டை நூற்பாலைகளில் மோட்டார் ஓடும்வரை எலெக்ட்ரீசியன் தேவை. பக்கத்து மாவட்டத்துக் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. வானம் பார்த்த பூமியில் இப்போது வெயிலும் ஒரு வெள்ளாமை. மின்வாரியத்தின் கள உதவியாளர் பணிக்கும் ஐடிஐ சான்றிதழ்தான் கேட்கிறார்கள். முடித்தவுடன் ஆலைகளில் உதவித்தொகையோடு அப்ரண்டிஸ் பயிற்சி பெறலாம். 1961-ம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி செய்கிறது.

மேலே படிக்க ஆசையா? பத்தாவது முடித்து ஐடிஐ தேறியவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். நேராக டிப்ளமோ போனால் 3 வருடம். கணக்கில் கெட்டியான பிள்ளைக்கு அதுவும் நல்ல வழிதான். பெண் பிள்ளைகளும் இந்தப் பிரிவில் தாராளமாகச் சேரலாம்; அவர்களுக்கு வயது உச்சவரம்பே இல்லை.

தனியார் நிலையம் என்றால், பணம் கட்டும் முன்பு அங்கீகாரம் அந்தப் பிரிவுக்கே இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். மூன்று மாதக் கோர்ஸ் சான்றிதழ் ஐடிஐ சான்றிதழுக்கு ஈடாகாது.

அப்பாவும் அம்மாவும் சண்டை போட வேண்டியதில்லை. வாரநாளில் ஐடிஐ, லீவு நாளில் வயர்மேன் அண்ணன்கூடப் போய் வேலை பழகட்டும். இரண்டு வருடம் கழித்து, ஒரு கையில் சான்றிதழ், இன்னொரு கையில் தொழில். அப்போது அந்த அண்ணனே கூப்பிட்டு, "தம்பி, இந்த மோட்டாரக் கொஞ்சம் பாரு" என்பார்.