மாலை எடுத்துக் கொடுத்தவர்கள் வாய்தாவுக்கும் வர வேண்டும்

சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் ஒரு வேப்ப மர நிழலில் அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் சரியான பதில் இல்லை.

"மாலை எடுத்துக் குடுக்க அத்தன பேரு வந்தீங்க தோழர். வாய்தாவுக்கு ஒருத்தரையும் காணோமுங்களே."

அவருடைய பெயரையும் ஊரையும் சொல்லப்போவதில்லை. அருந்ததியர் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறிக் கூடத்தில் தார் சுற்றும் வேலை. ரிக் வண்டியில் வேலை பார்த்த ஆதிக்க சாதி இளைஞர் ஒருவரைக் காதலித்தார். ஏழு ஆண்டுகளுக்கு முன் அவர்களுக்குச் சுயமரியாதைத் திருமணம் நடத்தி வைத்தவர்களில் நானும் ஒருவன். மேடையில் பேசினேன். புகைப்படத்தில் ஓரமாக நிற்கிறேன்.

ஐந்தாம் ஆண்டில் அந்த உறவு உடைந்தது. கணவரின் அம்மா மருமகளை வீட்டுக்குள் சேர்க்கவே இல்லை; பிறகு மகனை மட்டும் சேர்த்துக்கொண்டார். அடி, வசவு, குழந்தையோடு நடுராத்திரியில் பேருந்து நிலையம். தோழர்கள் கூடிப் பேசினோம். நீதிமன்றத்துக்குப் போனால் ஊரே பார்க்கும், 'சாதி மாறிக் கட்டினா இப்படித்தான்' என்று சாதிச் சங்கக்காரர்கள் மேடை போட்டுப் பேசுவார்கள் என்று பயந்தோம். இரு தரப்பையும் ஓர் இடத்தில் உட்கார வைத்து, முத்திரைத்தாளில் 'விடுதலைப் பத்திரம்' எழுதி, ஒரு தொகையைப் பேசி முடித்தோம். அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவன் நான்.

பேசிய தொகையில் பாதிதான் வந்தது. அவர் தன் சாதியிலேயே வேறு பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். இவர் ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட்டபோது, எதிர்த்தரப்பு முதலில் நீட்டிய ஆவணம் என் கையெழுத்து இருக்கிற அந்தத் தாள்தான்.

இதை நான் குற்றவுணர்வைக் கொட்டுவதற்காக எழுதவில்லை. திருமணம் நடத்தி வைப்பதை அரசியல் வேலையாகவும், அது உடைந்தால் நீதிமன்றம் போவதைச் சொந்தப் பிரச்சினையாகவும் நாம் பிரித்து வைத்திருக்கிறோம். இந்தப் பிரிவினை தவறு என்று சொல்லவே எழுதுகிறேன்.

முதலில் அந்த விடுதலைப் பத்திரத்தைப் பார்ப்போம். சேலம், நாமக்கல் பகுதிகளில் இது புதிதல்ல. ஊர்ப் பெரியவர்கள் கூடி எழுதிவிட்டால் கல்யாணம் முடிந்தது என்றே பலரும் நம்புகிறார்கள். இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு வழக்காற்று விவாகரத்துக்கு இடம் தருகிறது என்பது உண்மை. ஆனால் அப்படியொரு வழக்கம் தன் சமூகத்தில் நெடுங்காலமாக இருக்கிறது என்று அதைச் சொல்பவர் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். சாதி மறுப்புத் திருமணத்தில் அது யாருடைய வழக்கம்? அவர் சாதியின் வழக்கமா, இவர் சாதியின் வழக்கமா? இரண்டுக்கும் பொதுவான வழக்கம் இருந்திருந்தால் அது சாதி மறுப்புத் திருமணமாகவே இருந்திருக்காதே. சாதியை மறுத்து மணம் செய்தவர்களைச் சாதி வழக்கத்தின் பெயரால் பிரித்து வைத்தோம். நம் கட்டப்பஞ்சாயத்தில் சிவப்பும் கறுப்பும் நீலமும் துண்டு போட்டவர்கள் உட்கார்ந்திருந்தோம் என்பதால் அது கட்டப்பஞ்சாயத்து இல்லை என்று ஆகிவிடாது.

நம் இயக்க வரலாறு இப்படி வெட்கப்பட்ட வரலாறு அல்ல. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடே, வாழ்க்கைத் துணைகள் விரும்பினால் மணத்தை முறித்துக்கொள்ளும் உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. திருமணம் இரண்டு பேரின் ஒப்பந்தம் என்று சொன்ன நாளிலேயே, அதிலிருந்து வெளியேறும் உரிமையும் சேர்த்துத்தான் சொல்லப்பட்டது. பெண்களுக்கு விவாகரத்து உரிமையும் சொத்துரிமையும் கேட்ட இந்து சட்டத் தொகுப்பு மசோதா கிடப்பில் போடப்பட்டது, 1951 செப்டம்பரில் அண்ணல் அம்பேத்கர் சட்ட அமைச்சர் பதவியைத் துறந்ததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. அவர்கள் போராடி வாங்கிய உரிமையைப் பயன்படுத்தும் பெண்ணைப் பார்த்து நாம் ஏன் கூச்சப்படுகிறோம்?

ஆவணத்தின் அருமையும் நமக்குத் தெரியாததல்ல. 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம், சடங்கில்லாமல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. மேடையில் எத்தனை பேர் வாழ்த்தினாலும் சட்டத்தின் ஏட்டில் அந்தப் பெண் மனைவி இல்லை. 1967-இல் அண்ணா அரசு 7-ஏ பிரிவைக் கொண்டுவந்த பிறகே, அதற்கு முன் நடந்தவை உட்படச் சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்டத் தகுதி கிடைத்தது. வழக்கறிஞர் அலுவலகத்தில் நடந்த திருமணம் செல்லாது என்ற உயர் நீதிமன்றத்தின் 2014 தீர்ப்பைத் தள்ளுபடி செய்து, 7-ஏ திருமணத்தை ஊரறிய அறிவிக்கத் தேவையில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உயிருக்குப் பயந்து ஓடி வருகிறவர்களால் ஊரைக் கூட்டி மணம் முடிக்க முடியாது என்பதை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. திருமணத்தின் வாசலுக்காக இவ்வளவு போராடிய நாம், வெளியேறும் வாசலைக் கட்டப்பஞ்சாயத்திடம் விட்டுவிட்டோம்.

அந்தப் பெண்ணின் விஷயத்தில் அடுத்த தவறு, வழக்கை எங்கே போடுவது என்பதில் நடந்தது. முதலில் பார்த்த வழக்கறிஞர், "புருஷன் ஊர் கோர்ட்டுலதாம்மா போடணும்" என்று சொல்லிவிட்டார். கணவரின் ஊருக்குப் பக்கத்து நீதிமன்றம் என்றால், எதிரே இருக்கிற டீக்கடையில் கணவரின் பெரியப்பா உட்கார்ந்திருப்பார். பேருந்திலிருந்து இறங்கினால் யார் யாரோ உற்றுப் பார்ப்பார்கள். அவர் மூன்று மாதம் எதுவும் போடாமலே இருந்தார்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. விவாகரத்துக்கு, மனைவி மனுப் போடும்போது தான் வசிக்கிற இடத்திலேயே போடலாம் என்று இந்து திருமணச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் 2003-இல் திருத்தம் வந்தது. ஜீவனாம்ச மனுவுக்கும் இதே உரிமை உண்டு. பழைய 125-ஆம் பிரிவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144, எங்கே போடலாம் என்பது 145. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், தற்காலிகமாகத் தங்கியிருக்கிற ஊர் போதும் என்கிறது. இந்தச் சட்டத்தின் கீழ் மணப்பதிவுச் சான்றிதழ் இல்லாதவர்களும், திருமணத்தைப் போன்ற உறவில் சேர்ந்து வாழ்ந்தவர்களும்கூட மனுச் செய்யலாம். சேலத்தில் வாடகை அறையில் இருக்கிற பெண் சேலத்திலேயே போடலாம். கணவர் முந்திக்கொண்டு தன் ஊரில் வழக்குப் போட்டால், அதை மாற்றக் கேட்டு உயர் நீதிமன்றம் போகலாம்.

நீதிமன்றம் எந்த ஊரில் இருக்கிறது என்பது சாதிப் பிரச்சினையா என்று கேட்பவர்கள் கோகுல்ராஜ் வழக்கை நினைத்துப் பாருங்கள். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலிலிருந்து கடத்தப்பட்ட அந்த ஓமலூர் இளைஞரின் உடல் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கிடைத்தது. விசாரணை நாமக்கல்லில் நடந்தபோது முக்கிய சாட்சி பிறழ்சாட்சி ஆனார். தாயார் சித்ராவின் போராட்டத்தால் 2019-இல் வழக்கு மதுரைக்கு மாற்றப்பட்டது. 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. மனித சாட்சி பின்வாங்கியபோது கோயிலின் கண்காணிப்புக் கேமரா பதிவு நின்றது. கொலை வழக்கும் குடும்ப வழக்கும் ஒன்றல்ல. ஆனால் இரண்டும் இதே மண்ணில், இதே சாதிக் கட்டமைப்புக்குள் நடக்கின்றன. எந்த ஊர் நீதிமன்றத்தில் நிற்கிறோம், கையில் என்ன ஆவணம் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளும் இரண்டிலும் முடிவைத் தீர்மானிக்கின்றன.

அந்தப் பெண்ணின் கையில் ஒன்றுமே இல்லை. முன்பு ஒருமுறை கணவர் போட்ட 'சேர்ந்து வாழ' மனு ஒன்று இருந்திருக்கிறது. அதன் நகல் இல்லை, எண் தெரியாது, என்ன உத்தரவு ஆனது என்றும் தெரியாது. "கட்டெல்லாம் குமாஸ்தாகிட்ட இருக்குதுங்க" என்றார். தன் வாழ்க்கையைப் பற்றிய காகிதங்கள் தன்னைத் தவிர எல்லாரிடமும் இருந்தன.

குடும்ப வழக்குகளின் விசாரணை மூடிய அறையில் நடக்கும். அதன் விவரங்களை வெளியிடுவதற்கும் தடை உண்டு. இந்தப் பாதுகாப்பு ஊர் வாயிலிருந்து அவரைக் காப்பதற்காக ஏற்பட்டது. வழக்கின் தரப்பினரான அவரிடமிருந்தே காகிதத்தை மறைப்பதற்காக அல்ல. விவாகரத்துத் தீர்ப்பின் நகலை இரு தரப்புக்கும் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது இந்து திருமணச் சட்டம். ஜீவனாம்ச உத்தரவின் நகலும், குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் வரும் உத்தரவின் நகலும் இலவசம். மற்ற காகிதங்களுக்கு நகல் பிரிவில் காப்பி அப்ளிகேஷன் போட்டால், கட்டணம் செலுத்திச் சான்றிட்ட நகல் வாங்கலாம். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கத்தில் ஒரு சி.என்.ஆர். எண் உண்டு. அது தெரிந்தால் அடுத்த வாய்தா என்றைக்கு என்று இ-கோர்ட்ஸ் தளத்தில் கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

பஞ்சாயத்தில் இழந்த இரண்டு ஆண்டுகளுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில், ஜீவனாம்சத்தை மனுப் போட்ட தேதியிலிருந்து வழங்க வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. இரு தரப்பும் தங்கள் சொத்து, வருமானத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றும் சொன்னது. மனுப் போட்ட தேதியிலிருந்து என்றால், போடாத மாதங்களுக்கு இல்லை. 'பொறுங்கம்மா, பேசி முடிச்சிடலாம்' என்று நாங்கள் சொன்ன ஒவ்வொரு மாதமும் அந்தக் குழந்தையின் பால் காசிலிருந்து போனது.

நீதிமன்றம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. வாய்தாவுக்கு வாய்தா ஒரு நாள் கூலி போகிறது. சமரசம் பேசுகிறவர் 'அந்த வீட்டுல போய் ஏம்மா மாட்டிக்கிட்ட' என்று கேட்கும்போது சாதி அங்கேயும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது தெரிகிறது. ஆனால் அங்கே சொல்கிற பொய்க்கு ஒரு பதிவு உண்டு, கொடுக்கிற உத்தரவுக்கு மேல்முறையீடு உண்டு. நம் பஞ்சாயத்தில் இரண்டும் இல்லை. இருவரும் மனமொத்துப் பிரிவதானாலும் 13-பி பிரிவு இருக்கிறது. அதற்கும் முத்திரைத்தாள் தேவையில்லை.

'சாதிச் சங்கங்கள் இதைப் பயன்படுத்துமே' என்ற பயத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். சொந்த சாதியில் கட்டியவர்கள் குடும்ப நீதிமன்ற வராந்தாவில் வரிசையாக நிற்கிறார்கள். அதைக் காட்டி யாரும் 'சொந்த சாதிக் கல்யாணம் தோற்றுவிட்டது' என்று சொல்வதில்லை. நம் திருமணங்கள் மட்டும் உடையவே கூடாது என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. அதைக் காப்பாற்ற ஒரு பெண் அடிவாங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்றால், நாமும் அவர்களைப் போலவே மானத்தைப் பெண்ணின் உடம்பில்தான் வைத்திருக்கிறோம்.

இளம் தோழர்களிடம் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. திருமணம் நடந்த 90 நாளுக்குள் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்து கொடுங்கள். பதிவுச் சான்று, புகைப்படங்கள், குழந்தை பிறந்தால் பிறப்புச் சான்று என்று எல்லாவற்றிலும் ஒரு நகல் பெண்ணின் கையில் தனியாக இருக்கட்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்று சொல்லுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது, தொலைபேசி 15100. பிறகு முக்கியமாக, வாய்தா அன்று இரண்டு பேர் கூடப் போங்கள். விசாரணை அறைக்குள் விடமாட்டார்கள், பரவாயில்லை. வராந்தாவில் நின்றாலே எதிர்த்தரப்பின் கூட்டம் சற்றுத் தள்ளி நிற்கும்.

அந்த வழக்கு இப்போது சேலத்தில் நடக்கிறது. விடுதலைப் பத்திரம் எந்தச் சூழலில் எழுதப்பட்டது, எவ்வளவு பணம் கைமாறியது என்று சொல்ல நான் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியிருக்கும். அந்தக் கையெழுத்து என்னுடையதுதான், அதைப் போட்டது தவறு என்று அங்கே சொல்வேன். அடுத்த வாய்தாவுக்கு நானும் இன்னொரு தோழரும் போகிறோம். அவருக்கு அன்று தறி வேலையில் விழும் கூலியை எங்கள் கிளையே கொடுப்பதென்று முடிவு செய்திருக்கிறோம்.